சுடாமல் சுடுகிறவர்

துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பல வகை உண்டு. மானைச் சுடுகிறவர், மானைச் சுட்டதாகச் சொல்கிறவர், சுட நேரமில்லாமல் துடைத்துக்கொண்டே இருப்பவர். இவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு வகை. தினமும் மாலை ஐந்தரை மணிக்கு வீட்டு நிலவறைக்குள் இறங்கி, குண்டே இல்லாத பிஸ்டலால் பயிற்சி என்று கான்கிரீட் சுவரை ஐம்பது முறை சுட்டுவிட்டு, போர்க்களத்திலிருந்து திரும்பிய களைப்போடு சாப்பாட்டு மேஜைக்கு ஏறி வருகிறவர். எங்கள் ஒஹையோவில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெயர் வெர்னன். என் அப்பா.

இந்த வகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ட்ளிக்' என்று ஒரு சத்தம், உடனே 'சரக்' என்று இன்னொன்று. அவருடைய பிஸ்டலில் குண்டைத் தட்ட வெளியே சுத்தியல் கிடையாது. உள்ளே ஓர் ஊசி, அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். விசையை அழுத்தினால் ஊசி பாய்ந்துவிடும், அதோடு விசையும் செத்துவிடும். மேலே நகரும் மூடியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் அதற்கு மறுபடி உயிர் வரும். ஆகவே ஐம்பது ட்ளிக், ஐம்பது சரக். கீழே அவர் சுடுகிறார், மேலே அம்மா உருளைக்கிழங்கு மசிக்கிறாள். இதுதான் என் இளமைக்காலம்.

சடங்குகள் உண்டு. இறங்குவதற்கு முன் குண்டுகளையெல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். பிறகு குழலைக் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலால் தடவ வேண்டும், தடவியதை நம்பாமல் மீண்டும் பார்க்க வேண்டும். ஐம்பதும் சுட்டு முடிந்ததும், "முடிஞ்சுது, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். யாரிடம்? சுவரிடம்தான். சொன்ன பிறகு விசையில் விரல் படக்கூடாது. அப்பாவின் நண்பர் டெல்பர்ட் முடித்துவிட்டு, குண்டும் போட்டுவிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஆசைப்பட்டார். டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவரின் நெற்றியில் ஓட்டை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பதினோரு வருடம் சிரித்தார்.

சடங்குகளின் சிகரம் காசு. பிஸ்டலின் மேல், நுனியோரமாக, பத்து சென்ட் காசு ஒன்றை வைத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும். காசு அசையக்கூடாது. அப்பாவுக்கு இருபது வருடம் அசையவில்லை.

"இன்னைக்கு அம்பதுக்கு அம்பது, லோர்னா."

"சுவர் செத்துடுச்சா?" என்பாள் அம்மா.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் மூன்றாவது சத்தம் ஒன்று சேர்ந்துகொண்டது. ட்ளிக். 'ணங்'. சரக்.

இந்த வகையினர் இப்போது என்ன செய்வார்கள்? கையைப் பார்ப்பார்களா? காசைப் பார்ப்பார்கள். "இப்ப அடிக்கிற காசெல்லாம் ஒரே வழவழப்பு" என்று அப்பா ஒரு பழைய வெள்ளிக்காசைத் தேடிப்பிடித்தார். அதுவும் விழுந்தது. ஸ்பிரிங்கை வரவழைத்து மாற்றினார், விழுந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றினார், செருப்பை மாற்றினார், அம்மாவின் துணி துவைக்கும் இயந்திரத்தை நிலவறையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தார், விழுந்தது, விழுந்தது, விழுந்தது. இதற்கிடையில் காபியை அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொண்டார். இதயத்துக்கு நல்லதாம்.

அம்மா எனக்குப் போன் செய்தாள். "ட்ரூடி, சாப்பிட்டு முடிச்சதும் உங்கப்பா அதுல குண்டு போட்டு என் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறார். அந்தக் கையால போட்டு. எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்னா சண்டைக்கு வரார். உன் மெஷின் சொன்னா கேப்பார்."

பம்புத் தொழிற்சாலையில் அதிர்வை அளப்பது என் வேலை. கட்டைவிரல் நகத்தளவு கருவியை ஒட்டிவிட்டால், எது எவ்வளவு ஆடுகிறது என்று திரையில் கோடு வரும். எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"வா கண்ணு, தரையில வெச்சுப் பாரு. இந்த ஹீட்டர்தான். அது ஓடுறப்ப வீடே ஆடுது. எனக்கு அப்பவே தெரியும்."

தரையில் வைத்தேன். கோடு படுத்தே கிடந்தது.

"துப்பாக்கில ஒட்டிப் பாரு."

ஒட்டினேன். குறிபார்த்தார். வீடு முழுக்கச் சூடு ஊதும் அந்த ஹீட்டரின் காற்றாடி விநாடிக்குப் பதினெட்டு சுற்று சுற்றும். திரையில் வந்தது விநாடிக்கு ஐந்து ஆட்டம். விநாடிக்கு ஐந்து என்று ஆடக்கூடியது அந்த நிலவறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் அப்பா என்று கூப்பிடுவேன்.

"என்ன சொல்லுது?"

"ஹீட்டர்தான் அப்பா."

பதினாறு வருட அனுபவம் எனக்கு. சான்றிதழ் கூட உண்டு.

மறுநாளிலிருந்து ஐந்தரை மணிக்கு ஹீட்டர் அணைக்கப்பட்டது. மாதம் ஜனவரி. வெளியே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் குளிர். அம்மா மேல்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கோழி நூடுல்ஸ் கிண்டினாள்.

"ஏன் வெர்ன், திருடன் வந்தா முதல்ல ஹீட்டர அணைச்சுட்டு வான்னு சொல்லுவியா?" என்று படிக்கட்டில் நின்று கத்தினாள்.

ஒன்பதாம் நாள் நான் போனபோது அப்பா என்னைக் கீழே கூப்பிட்டார். நிலவறை அமைதியாக இருந்தது. காசை வைத்தார். ட்ளிக். ணங். குனிந்து எடுக்க நேரமாயிற்று. மறுபடி வைத்தார். ணங்.

"ஹீட்டர் அணைஞ்சுதான இருக்கு?"

"ஆமாப்பா."

"உன் மெஷின் அன்னைக்குச் சரியாத்தான் சொல்லுச்சா?"

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "தப்பாப் படிக்கிறதுக்கும் உங்க கம்பெனில சம்பளம் குடுக்கறாங்களா?"

அவர் குழலைப் பார்த்தார், தடவினார், மீண்டும் பார்த்தார், எனக்கும் காட்டினார். பிஸ்டலை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதோட விசை சரியில்ல. இது எனக்கு வேணாம். நீ எடுத்துட்டுப் போ. டப்பாவுல இருக்கறதையும் எடுத்துக்கோ."

"சரிப்பா. விசைதான் சரியில்ல."

சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "முடிஞ்சுது. முடிஞ்சுது. முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா ஹீட்டரப் போடு வெர்ன்!" என்றாள் அம்மா, மேலிருந்து.

சென்ற அக்டோபரில் அவர் போய்விட்டார். இப்போது வாரத்தில் இரண்டு நாள், ஐந்தரை மணிக்கு, அந்த பிஸ்டலோடு நான் அம்மா வீட்டு நிலவறைக்குள் இறங்குகிறேன். அந்த வீட்டில் இன்று ஒரு குண்டுகூடக் கிடையாது. இருந்தாலும் பார்க்கிறேன், தடவுகிறேன், மீண்டும் பார்க்கிறேன். வெள்ளிக்காசை வைக்கிறேன். ட்ளிக். ணங். என் கையில் ஒரு கோளாறும் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். அந்த ஹீட்டர் பழசு.

"முடிஞ்சுதா ட்ரூடி?" என்கிறாள் அம்மா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் துப்பாக்கி இல்லை, நிலவறை இல்லை, ஹீட்டரும் இல்லை. நல்லது. ஆனால் சென்ற வாரம் உங்கள் கையிலிருந்து ஏதோ நழுவி விழுந்ததே, அப்போது எதைத் திட்டினீர்கள்? டம்ளரையா, தரையையா? பக்கத்தில் இருந்தவர் "ஆமா ஆமா, அதுதான் சரியில்ல" என்று மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாரா? அப்படியானால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஹீட்டரை அணைத்துப் பார்த்துவிடலாம். நான் இன்னும் அணைக்கவில்லை. இந்த வருடம் குளிர் கொஞ்சம் அதிகம்.