திங்கட்கிழமை முதல் அமலுக்கு வந்த ஞானம்

எங்கள் தாலுகாவின் தாசில்தார் உயர்திரு கோபால்சாமி அவர்களுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஞானம் சித்தித்தது. மறுநாள் அரசு விடுமுறை ஆனபடியால், மேற்படி ஞானம் திங்கட்கிழமை முதல் அமலுக்கு வந்தது.

எந்தத் தாலுகா என்று கேட்காதீங்க. போளூர்க்காரரைக் கேட்டால் எங்க ஊர் இல்லீங்க என்பார். ஒடுகத்தூர்க்காரரும் அதையேதான் சொல்லுவார். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு தாலுகா ஆபீஸ், அதன் வாசலில் ஒரு புங்கமரம், மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிற சிங்காரம் ஆகிய நான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தக் காலத்தில் ஆபீசர்களுக்கு நடுவே ஞானம் ஒரு பேஷன். அதற்கு முந்தின பேஷன் சஃபாரி சூட். நம்ம ஐயா இரண்டையும் விடவில்லை, சஃபாரி சூட்டுக்கு மேலே உருத்திராட்சம் போட்டுக்கொண்டார். மலையில் ஒரு சாமியார் நடத்திய தியான முகாமுக்கு கேஷுவல் லீவில் போனவருக்கு, கண்ணை மூடி உட்கார்ந்த இடத்தில் மனித குலம் முழுக்க ஒன்றே என்று பளிச்சென்று தெரிந்துவிட்டதாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணை மூடினால் எனக்கும்தான் ஏதேதோ தெரியும். நான் கெஜட்டட் ஆபீசர் இல்லாததால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் புது போர்டு தொங்கியது. 'மனித குலம் ஒன்றே. பேதம் இல்லை. உத்தரவுப்படி.' அதற்கு மேலே இருந்த 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்ற பழைய போர்டை யாரும் கழற்றவில்லை.

முதியோர் பென்ஷன் கேட்டு வந்த அம்மாக்கண்ணுவிடம், "ஆத்மாவுக்கு வயசு ஏதும்மா?" என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தார். வரப்புத் தகராறு என்று வந்த அண்ணன் தம்பியிடம், "பூமி ஒண்ணு. வரப்பு மாயை" என்று தீர்ப்பு சொன்னார். அந்த மாயை மேலே நின்றுதான் அன்று சாயங்காலம் தம்பி அண்ணன் மண்டையை உடைத்தான். ஆஸ்பத்திரியில் தையல் மட்டும் நிஜமாகவே போட்டார்கள்.

அதே வாரம், தன்னைவிட ஜூனியர் ஒருத்தரை சீனியாரிட்டி பட்டியலில் தனக்கு மேலே போட்டுவிட்டதை எதிர்த்து ஐயா ஒரு அப்பீல் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். ஜன்னல் வழியாக மரத்தடி வரைக்கும் கேட்டது. அதில் மனித குலம் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மலையிலிருந்து அர்ச்சுனன் தன் மகள் அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சாமையும் புளியும்தான் அவருக்குப் பிழைப்பு. பொண்ணு பத்தாவது பாஸ். வேலூரில் நர்ஸ் டிரெயினிங்கில் மலைவாசி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சாதி சர்டிபிகேட்டோடு போய் நிற்கவேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். அவங்க ஊரில் பிரசவ வலி எடுத்தால் டோலி கட்டித்தான் கீழே தூக்கிவரணும். அம்சவல்லியின் அம்மா செல்லி அந்த டோலியில்தான் பாதி வழியில் கண்ணை மூடினாள். வயிறு எரியும் கதை அது. சர்க்காரே இடம் கொடுத்தும் பூசாரி வரம் கொடுக்கணுமே.

மனுவை எழுதிக்கொண்டு நானும் கூடவே உள்ளே போனேன்.

"நீ வேற, நான் வேறன்னு என்னை எழுதச் சொல்றியாம்மா?" என்றார் தாசில்தார், ரொம்ப அன்பாக. "அந்தப் பாவத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். எல்லாரும் ஒண்ணு."

"ஒண்ணுன்னா, கீழ இருக்கிற ஆஸ்பத்திரி மேலயும் இருக்கணும் இல்லீங்களா சார்?" என்றாள் அம்சவல்லி.

"அது ஹெல்த் டிபார்ட்மெண்ட். அது வேற."

"எங்களுக்கு ரோடு கூட இல்லீங்க சார்."

"அது ஹைவேஸ். அதுவும் வேற."

அர்ச்சுனன் கும்பிட்டார். "ஐயா, ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல அம்மனுக்குப் பொங்க வைக்கிறோம். ஒருவாட்டி வந்து பார்த்துட்டு அப்பால சொல்லுங்க."

பலாப்பழம் இருக்கும், மலைத்தேன் இருக்கும் என்று நான் ஒத்து ஊதினேன். ஐயாவின் முகம் கனிந்தது.

"நேரடி விசாரணை. முறைதான். என் கண்ணுக்கு பேதம்னு ஒண்ணு தெரிஞ்சா அங்கயே கையெழுத்து, அங்கயே சீல். ஆனா தெரியாதும்மா. எனக்குத் தெரியவே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை ஜீப், ரோடு முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு மேல் நடைதான். அந்த ஊரில் சில கட்டுப்பாடுகள் உண்டு. எல்லைக் கல்லிலேயே செருப்பைக் கழற்றிவிடணும். ஊருக்குள் நாற்காலி கிடையாது. பொங்கல் பந்தியில் வந்தவங்க வந்த வரிசையில் தரையில் குந்தணும். தலை இலை முதலில் வந்தவனுக்கு, கடைசி இலை கடைசியாக வந்தவனுக்கு.

சீல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் ஆபீஸ் பியூன் சின்னதம்பி. அடிவாரத்துக் காலனிக்காரன், சின்ன வயசில் விறகுக்கு ஏறி இறங்கின மலை. விறுவிறுவென்று எங்களுக்கு முன்னாடியே மேலே போய்ட்டான். ஐயாவோ வெறுங்காலில் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக ஆட்சேபணை தெரிவித்துக்கொண்டு வந்தார். கல்லெல்லாம் ஒன்றே என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி ஆரம்பித்துவிட்டது. தலை இலையில் சின்னதம்பி. ஊர்த் தலைவர் கோவிந்தனே லேட்டாக வந்ததால் வால் பக்கம் குந்தியிருந்தார். அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு, வரிசையின் கடைசியில், ஆட்டுக்குட்டி ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த இலை தாசில்தாருக்கு.

"நாற்காலி?" என்றார்.

"எங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணுங்க. உங்க போர்டுல இருக்கிற மாதிரியேதான்" என்றார் அர்ச்சுனன், பெருமையாக.

ஐயா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். முகம் சிவந்தது.

"யோவ், அவன் என் பியூன்யா. தலை இலையில அவன், கடைசி இலையில நானா? அவன் யாரு, நான் யாரு, நீங்கள்லாம் யாரு? பந்தியில உக்காந்துட்டா எல்லாரும் ஒண்ணாயிடுவீங்களா?"

குழம்பு வாளியோடு நின்ற அம்சவல்லி அதைக் கீழே வைத்தாள்.

"சார், இப்ப பேதம் தெரியுதுங்களா?"

ஐயா இன்னொரு தரம் தலை இலையைப் பார்த்தார்.

"தெரியுதுன்னா அதையே எழுதிக் குடுங்க சார். சீல் பெட்டி இங்கதான் இருக்குது."

ஒரு தாசில்தார் நேரடி விசாரணையில் கண்டதை இல்லை என்று சொல்லமுடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "தத்துவத்தில் ஒண்ணு. நிர்வாகத்தில் வேற. அது சரிதான். ஆனா இந்த இடத்துல குந்திகினு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நான் அர்ச்சுனன் காதில் சொன்னேன்: "தலை இலைய மாத்தி வுட்டுடுய்யா. காரியம் பெருசா வீரியம் பெருசா?" அர்ச்சுனன் மகளைப் பார்த்தார். பிறகு ஊர்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மன் கோயிலைப் பார்த்தார். அம்மனிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

சின்னதம்பி யாரும் சொல்லாமலேயே எழுந்தான். இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தூரத்தில் இருந்த பலாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான். ஐயா தலை இலைக்கு வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். வரிசையின் கடைசி இலை காலியாகத்தான் இருந்தது. அங்கே வா என்று தலைவர் கூப்பிடவில்லை, அர்ச்சுனனும் கூப்பிடவில்லை. பக்கத்து இலைக்காரனான எனக்கு வாயில் சோறு. அம்சவல்லி சர்டிபிகேட்டில் மை காய ஊதிக்கொண்டிருந்தாள். அந்தப் பொண்ணு மறுநாள் வேலூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

பலாச்சுளையைத் தேனில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்ததும் ஐயாவின் கண்கள் தானாக மூடின. ஞானம் திரும்பி வந்துவிட்டது. ஜீப்பில் மலை இறங்கும்போது சொன்னார்:

"சிங்காரம், இன்னைக்குத்தான்யா முழுசா புரிஞ்சுது. ஆபீசர், ஊர்த் தலைவர், மலையாளு, மனு எழுதற நீ, எல்லாரும் ஒண்ணுதான்யா."

பின்சீட்டில் சீல் பெட்டியை மடியில் வைத்திருந்த சின்னதம்பி மெதுவாகச் சொன்னான்:

"நெசந்தாங்க ஐயா. நான் பலாமரத்தடியிலருந்து பார்த்துகினே இருந்தேன். அவ்ளோ தூரத்துலருந்து பார்க்கிறப்ப, நீங்க எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிஞ்சீங்க."

ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம். திரும்பிப் பார்த்து, "சபாஷ்" என்றார்.