நாக்கில் ஒட்டிய கல்

மாசிலாமணி மேஸ்திரி மூன்று மாதமாக ஒரு சபதத்தில் இருந்தார். என்ன நடந்தாலும் மனைவி ஜெபகனியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிக்க அனுப்புவதில்லை. புருஷன் கையெழுத்துப் போடாத மனுவை அங்கே தொடமாட்டார்கள். அந்த மனுவைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

கேட்பவர்களிடம் குடும்ப கௌரவம் என்பார். உள்ளூர இருந்த கவலை ஒன்றுதான்: அவள் வேலூருக்குப் போய்விட்டால் ஆம்பூரில் தனக்கு யார் சோறு வடிப்பது? ஜெபகனிக்கோ அது விளையாட்டில்லை. போன வருஷம் அவள் தங்கை பிரசவத்தில் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு பெண் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவளை விடவேயில்லை. கெஞ்சினாள், அழுதாள். பிறகு திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்போதே மேஸ்திரி உஷாராகியிருக்க வேண்டும்.

தோல் பதனிடும் ஷாப்பில் அவருடைய பிழைப்பே நாக்குதான். ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பார். பட்டை போதுமா, தோலில் சுண்ணாம்பு மிச்சமிருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், புதிதாக எதைக் கண்டாலும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். கல்யாண மோதிரத்தையே அப்படித்தான் பரிசோதித்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணில் சோற்றுப் பானை மூடிமேல் இருந்த ஒரு கல் பட்டது. உள்ளங்கை அகலம், கரும்பழுப்பு, வட்டம். இரண்டு பக்கமும் சின்னத் தட்டு போலக் குழிந்து, ஓரமெல்லாம் தண்ணீர் அரித்து மழுங்கியிருந்தது.

"இன்னா கல்லு இது?"

"ஆத்துல கெடந்ததுங்க. இன்னான்னு தெர்ல. உங்களுக்குத் தெரியாததா?"

அவ்வளவுதான். கல் நாக்குக்குப் போனது. போனது திரும்பி வரவில்லை, ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது மேஸ்திரியின் முகம் வெளுத்திருந்தது.

"ஜெபகனி... கல்லு ஒட்டாது. இது எலும்பு!"

"ஐயையோ! மாட்டுதா?"

"இருவது வருசமா மாட்டோடயே காலந்தள்றேன். மாடும் இல்ல, எருமையும் இல்ல. முதுகெலும்புல ஒரு கணு. ஆனா யாருதுன்னுதான்..."

"ஆத்தோரமா கல்லறைத் தோட்டம் இருந்துச்சி. வெள்ளத்துல பாதி போச்சின்னாங்க," என்று ஜெபகனி யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். செத்தவனை நக்கியிருக்கிறோம்! ஓடிப்போய் உப்புத் தண்ணீரில் பதினோரு தரம் வாய் கொப்பளித்தார்.

"மனுசனுக்கு இவ்ளோ பெரிசா இருக்குமா?" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

"பைபிள்ல வர்ற கோலியாத்து மாதிரி ராட்சச ஆளுங்களுக்கு இருந்திருக்கும்."

"அதக் கொண்டுபோய் ஆத்துலயே போட்டுட்டு வா!"

"நான் மாட்டேம்பா. நான் எடுத்து வெச்சதோட சரி, நக்கினது நீங்க. கடைசி நாள்ல எக்காளம் ஊதினா செத்தவங்க எல்லாரும் எழுந்திருப்பாங்க இல்ல? அந்தாளு ஒரு எலும்பு கொறையுதேன்னு தேடினா, நேரா எங்க வருவான்?"

மேஸ்திரி வாசலைப் பார்த்தார். பன்னிரண்டு அடி ஆள் ஒருவன் குனிந்து உள்ளே நுழைவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் கதவு அசைந்தால் "யாரது?" என்று அலறினார். மோர்க்காரி கூப்பிட்ட குரலுக்குப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தார். புதன்கிழமை ஷாப்பில் எல்லாவற்றையும் மிஞ்சிய பயம் வந்தது. தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தார். ருசியே இல்லை. அடுத்த தொட்டியிலும் இல்லை. நாக்கு செத்துப்போய்விட்டது! வேளைக்குப் பதினோரு தரம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் எந்த நாக்குதான் பிழைக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாக்குப் போனால் மேஸ்திரி வேலை போச்சு. நிஜமாகவே அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். "இது யாருதுன்னு யாராச்சும் சொன்னாத்தான் எனக்கு உசுரு வரும்."

"வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எலும்பப் பாத்தாலே சொல்லிடுவாங்களாம்."

"நாளைக்கே எடுத்துக்கினு போறேன்!"

"நீங்களா? மனுச எலும்பத் துண்டுல சுத்திக்கினு ரயில்லயா? போலீசு புடிச்சா இன்னா சொல்வீங்க, நக்கிப் பாத்தேன்னா?"

மேஸ்திரி தோளில் இருந்த துண்டைச் சட்டென்று கீழே போட்டார்.

ஜெபகனி தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "நர்ஸ் படிக்கிற பொண்ணு கையில எலும்பு இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாடம்னு நெனச்சிப்பாங்க."

மூன்று மாதத்து முடிச்சு விரலுக்கு அவிழ்வதாக இல்லை. ஜெபகனி அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்தாள். கயிறு அறுந்தது, பெட்டி திறந்தது, கையெழுத்து விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஜெபகனியும் மனுவும் எலும்பும் வேலூருக்குப் போனார்கள். ரயில் கண்ணுக்கு மறைந்ததும் மேஸ்திரி பிளாட்பாரத்திலேயே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

பத்து நாளில் கடிதம் வந்தது.

"கர்த்தருக்குள் பிரியமானவருக்கு ஸ்தோத்திரம். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் இனிமேல் பயப்பட வேண்டாம். அது மனுஷ எலும்பு இல்லை. மனுஷரே உண்டாவதற்கு முன்னால் கடலில் நீந்தித் திரிந்த, பல்லி ஜாதியைச் சேர்ந்த ஒரு பெரிய பிராணியின் முதுகெலும்பாம். அரியலூர்ப் பக்கம் ஓர் ஆற்று மணலில் டாக்டரம்மாவின் தம்பி கண்டெடுத்தாராம்."

மேஸ்திரி நிறுத்தினார். அரியலூரா? கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மேலே படித்தார்.

"போன மாதம் சித்தியைப் பார்க்க வேலூர் வந்தேனே, அப்போது ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தேன். டாக்டரம்மா மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க இதைத்தான் வைத்திருந்தார்கள். கல்லா எலும்பா என்று அறிய நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம், எலும்பென்றால் ஒட்டிக்கொள்ளுமாம். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. சில நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிவந்தேன். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடையாமல் பார்த்துக்கொண்டதற்கு டாக்டரம்மா உங்களுக்கு மிகவும் நன்றி சொல்லச் சொன்னார்கள்."