நீலக்குழாய் நிலாவுக்குப் போகிறது

பொதுமக்கள் எந்த மொழியில் பணத்தை இழக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களைப் பாதுகாக்க இயலாது என மேலிடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன்படி, முதலீட்டாளர் விழிப்புணர்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், அதுவரை உடைந்த நாற்காலிகள் குடியிருந்த அறையில், சுருக்கச்சொல் ஆய்வுப் பிரிவு உதயமானது. பங்குச் சந்தையைப் பற்றி இணையத்தில் அரட்டை அடிப்பவர்களின் சுருக்கச் சொற்களுக்கெல்லாம் பொருள் கண்டு அகராதி போடுவது அதன் தலையாய கடமை.

பிரிவில் மூன்று பேர். இயக்குநர், கண்காணிப்பாளர், ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண். அவளை எல்லோரும் ‘தற்காலிகம்’ என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் அகராதி வெளிவந்தால் நிரந்தரமாக்குவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

“ஹோட்ல்னா என்னம்மா?” என்றார் இயக்குநர்.

“விலை எவ்வளவு விழுந்தாலும் விக்காம வெச்சிருக்கறது சார்.”

“எத்தனை நாளைக்கு?”

“கணக்கே கிடையாது சார்.”

“நிலுவையில் வைத்தல்னு போடு. நமக்குத் தெரியாததா? அடுத்தது?”

“டி.ஒய்.ஓ.ஆர். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டு, ஆராய்ச்சி நீங்களே பண்ணிக்கோங்க, நான் பொறுப்பில்லைன்னு கையைக் கழுவிடறது சார்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “இது நம்ம கடிதத்தோட கடைசி வரியாச்சே! அவங்க எப்படி எடுத்தாங்க? விளக்கம் கேக்கணும் சார்.”

இப்படியாக நாற்பத்திரண்டு சொற்கள் ஒரே வாரத்தில் முடிந்தன. நாற்பத்து மூன்றாவது சொல்லில் வண்டி நின்றது. ‘நிலாவுக்குப் போகுது’.

“விலை கன்னாபின்னான்னு ஏறுதுன்னு அர்த்தம் சார்.”

“நீ சொன்னா ஆச்சா?” என்றார் கண்காணிப்பாளர். “நிலா சம்பந்தப்பட்ட விஷயம். பயன்படுத்தறவங்ககிட்ட எழுத்துமூலமா உறுதி வாங்கணும். எடுத்துக்காட்டா ஒரு வாக்கியம் எழுது. நிஜ நிறுவனத்தோட பேர் வரக்கூடாது.”

அவள் கதவு வழியே பார்த்தாள். நடைவழியில் நீலச் சாயம் அடித்த குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. ‘நீலக்குழாய் நிறுவனம் நிலாவுக்குப் போகிறது’ என்று எழுதினாள். அந்த வாக்கியத்தின் பொருளை ஏழு நாட்களுக்குள் உறுதிப்படுத்துமாறு கேட்டு, முத்திரை வைத்த கடிதம் இணையத்திலேயே பெரிய அரட்டைப் பலகையில் ஏற்றப்பட்டது.

ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. ராக்கெட் மாமா என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: “அலுவலகமே சொல்லிடுச்சு! எங்கப்பா வாங்கறது?” கடிதத்தில் மீதி என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

“சார், அப்படி ஒரு நிறுவனமே இல்லைன்னு ஒரு வரி போட்டுடலாம் சார்.” என்றாள் அவள்.

“தாராளமா போடலாம்” என்றார் இயக்குநர். “இல்லைங்கறதுக்குச் சான்று?”

“நான்தான் சார் கற்பனையா எழுதினேன்.”

“அது வாய்மொழி. ஆவணப் பிரிவுல எழுதி வாங்கிட்டு வா.”

ஆவணப் பிரிவில் இருந்தவர் பொறுமைசாலி. “கோப்பு இருந்தாத்தானேம்மா பிரிச்சுப் பார்த்து இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்? முதல்ல ஒரு கோப்பு திறப்போம்” என்றார்.

திறந்தார்கள். கோப்பு என்றால் எண் வேண்டும், கொடுத்தார்கள். எண் கொடுத்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றினார்கள். பிறகு அவர் பதிவேட்டைப் புரட்டி, முறைப்படி தேடி, ‘மேற்படி நிறுவனம் பதிவேட்டில் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கொடுத்தார்.

இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். “பாரு, எவ்வளவு பெரிய தப்பு பண்ண இருந்தோம்!”

“சார், அது வெறும் குழாய் சார். வெளியில சொட்டிக்கிட்டு இருக்கு.”

“உற்பத்தி நடைபெறுகிறதுன்னு குறிச்சுக்கோ.”

மறுநாள் அவள் மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, நீலக்குழாய் பற்றிய சரிபார்ப்பு அறிக்கை. ‘நேரில் அறிந்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தது. இன்னொன்று அவளுடைய நிரந்தர நியமன உத்தரவு. இயக்குநரின் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

“நீ இதுல போடு. நான் அதுல போடறேன்” என்றார் இயக்குநர், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில்.

அவள் மத்தியானம் வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பொய் இல்லையே, குழாயை நேரில் அறிந்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

அகராதி வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் வெளிப்படைத்தன்மை கருதி நீலக்குழாயின் கோப்பு எண்ணும் அச்சாகியிருந்தது. யாரோ ஒரு கெட்டிக்காரர் அந்த எண்ணோடு வந்து பங்கு விற்க அனுமதி கேட்டார். கோப்பு ஏற்கெனவே தயாராக இருந்ததால் அன்றைக்கே கிடைத்தது. அலுவலக வரலாற்றில் அவ்வளவு சுறுசுறுப்பு அதற்குமுன் பதிவானதில்லை.

பத்தே நாளில் விலை மூன்று மடங்கு. ஓட்டுநர் வாங்கினார், சிற்றுண்டிக்காரர் வாங்கினார், இயக்குநரின் சம்பந்தி வாங்கினார். அம்மா ஃபோனில் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, ஊரே வாங்குது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“அம்மா, அப்படி ஒண்ணு கிடையாதும்மா. நான்தான் இட்டுக்கட்டி எழுதினேன்.”

“நீ எழுதினதா? அப்ப நீ முதல் ஆளா வாங்கியிருக்க வேண்டாமா?”

அவள் நாலு நாள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் நாள் கண்காணிப்பாளரின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“நீலக்குழாய்ல ஊழியர் ஒதுக்கீடு இருக்காமே சார்?”

“அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான்மா.”

அவள் நியமன உத்தரவின் நகலை நீட்டினாள். “இருபது பங்கு போடுங்க சார்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இல்லாத கம்பெனின்னு நீதானே அன்னிக்கு அழாத குறையா சொன்னே?”

“இன்னிக்கும் இல்லைதான் சார்” என்றாள் அவள். “ஆனா ஏறுதே.”

கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்தார். அவள் சொன்ன இரண்டிலும் பிழை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு இருபது எழுதிவிட்டு, இன்னொரு படிவம் எடுத்துத் தன் பெயருக்கு ஐம்பது எழுதிக்கொண்டார்.