எக்ஸிடம் பேரம் பேசியவன்

அல்ஜீப்ரா உலகத்துக்கு வந்த நாளிலிருந்து எக்ஸைக் கண்டுபிடித்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். எக்ஸிடம் பேரம் பேசியவன் ஒருவன்தான். அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். ரிஜிஸ்டரில் ஏதோ பெயர் இருந்தது. ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவன் துண்டுத் தரகன்.

அவன் அப்பா ஏலக்காய்த் தரகர். அந்தக் காலத்தில் எங்கள் கடைத்தெருவில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. பிடிக்காவிட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்றால் பேச்சு முடிந்தது, அப்புறம் யார் வந்து சொன்னாலும் மாறாது. இந்த வழக்கத்தை அவன் பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். தோளில் துண்டு போடக்கூடாது என்று டிரில் வாத்தியார் சத்தம் போட்டதும் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். மாங்காயில் யாருக்கு எத்தனை கீற்று, பந்தை யார் முதலில் உதைப்பது, எல்லாமே துண்டுக்கு அடியில்தான் தீர்மானமாகும்.

எனக்கோ இன்ஜினீயர் ஆக வேண்டும். பெரிய லட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள், ஜீப்பின் முன் சீட்டுதான் குறி. அப்பா மலையில் ஓர் ஏலத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பேர் போடுகிறவர். போடிமெட்டு ஏறும் ஜீப்பில் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போவார். ரோடு இன்ஜினீயர் மட்டும் முன் சீட்டில் தொப்பியோடு சாய்ந்திருப்பார். வளைவுக்கு வளைவு அப்பாவின் வேட்டி காற்றில் பறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்ஜினீயருக்குப் படிக்க ஐந்தாம் பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று மண்டையை உடைக்கும் பாடங்களை எடுத்தாக வேண்டும். பையன்கள் மொத்தமாகச் சரித்திரத்தின் பக்கம் ஓடினார்கள். பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அந்த வகுப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர். நாங்கள் எட்டுப் பேர். மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைக்க அப்பாவுக்கு வசதி இல்லை. வகுப்பு திறக்காவிட்டால் நானும் மலையேறிப் பேர் போட வேண்டியதுதான்.

"மூஞ்சியத் தொடை மாப்ளே," என்றான் துண்டுத் தரகன். "வா, நான் பேசுறேன்."

ஹெட்மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவன் நேரே போய் அவர் வலது கையைப் பிடித்தான், துண்டை எடுத்து மேலே போட்டான், உள்ளே என்னமோ அழுத்தினான். மனிதர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பத்து. முடிஞ்சது சார்."

"என்னடா முடிஞ்சது?"

"பத்துப் பேரு இருந்தாப் போதும்னு பேசியாச்சு. நீங்க கைய இழுக்கலையே."

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்ற பியூனைப் பார்த்தார். பியூன் உள்ளூர்க்காரர். "ஆமாங்கய்யா. கைய இழுக்கலைன்னா முடிஞ்சதுதாங்க," என்றார், கோர்ட்டில் சாட்சி சொல்கிற முகத்தோடு. ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிடா, பத்து. ஆனா ரெண்டு வருஷத்துல எப்ப ஒருத்தன் கொறைஞ்சாலும் வகுப்ப மூடிடுவேன்."

இன்னும் இரண்டு ஆள் வேண்டும். கெமிஸ்ட்ரி வகுப்பில் எதை வேண்டுமானாலும் கொளுத்தலாம் என்று சொல்லி எண்ணெய்க்கடைக்காரர் மகனைப் பிடித்துவிட்டான். பக்கத்துத் தேவாரம் ஊர்ப் பையன் ஒருவனும் மசிந்தான். பெயர் கொடுக்கும் கடைசி நாளில் அந்தப் பையனின் அப்பா வந்து நின்றார். "காட்டுல யானை எறங்கி வாழையப் பூரா மிதிச்சுப் போட்டிருக்கு. இவன் அல்ஜீப்ரா படிச்சா அது திரும்பிப் போயிருமா? எனக்குக் காவலுக்கு ஆளு வேணும்," என்று மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது. துண்டுத் தரகன் சரித்திரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். ராஜாக்கள் கதை என்றால் அவனுக்கு உயிர். நேரே போய்ச் சரித்திரத் தாளில் தன் பெயரை அடித்துவிட்டு, எங்கள் தாளில் பத்தாவதாக எழுதினான்.

"உனக்குக் கணக்கு சுத்தமா வராதேடா," என்றேன்.

"சொன்ன மூட்டையில ஒண்ணு கொறைஞ்சா, தரகன் தன் மூட்டையப் போட்டு நெரப்பணும். எங்கப்பா அப்படித்தான்."

அதன் பிறகு இரண்டு வருஷம் கணக்கு வாத்தியார் பட்ட பாடு இருக்கிறதே!

"எக்ஸ் எவ்வளவுடா?"

"எட்டு சார்."

"இல்லை."

"சரி, ஏழரைன்னு வச்சுக்கங்க."

"இது என்ன கடைத்தெருவா?"

"நீங்களும் கொஞ்சம் ஏறி வாங்க சார். நானே எறங்கிக்கிட்டிருந்தா எப்படி?"

வாத்தியார் போர்டில் மூன்று என்று எழுதியதும், "மூணா? கட்டுபடியாகாது சார்," என்று உட்கார்ந்துவிட்டான். கெமிஸ்ட்ரியில் மயில்துத்தத்தைக் கையில் கொடுத்து இது என்ன உப்பு என்று கேட்டால், ஏலக்காயைத் தரம் பிரிப்பது போலப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்துவிட்டு, "நல்லா காய வைக்கல சார்," என்பான்.

பரீட்சைக்குப் பரீட்சை நாலு மார்க், ஏழு மார்க். கணக்கு வாத்தியாருக்கே மனசு கேட்கவில்லை. "சரித்திரத்துக்குப் போயிருடா. கண்ண மூடிக்கிட்டுப் பாஸாயிருவ," என்றார். இவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். நானாவது போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் போனால் ஒன்பது. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் என்று கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேனே, அது காய்ச்சலுக்காக இல்லை. இதை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசிப் பரீட்சையில் ஒன்பது பேர் பாஸானோம். அவன் கணக்கில் பதினோரு மார்க் வாங்கி ஃபெயில். மதுரைக் காலேஜுக்கு நான் கிளம்பிய அன்று ரயிலடிக்கு வந்தான். ஜன்னலுக்கு உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் என் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு விரல்களை அழுத்தினான்.

"என்னடா கேக்குறே?"

"இன்ஜினீயரா நம்ம ரோட்டுக்கு ஜீப்புல வருவேல்ல? அன்னைக்கு முன் சீட்டு உங்கப்பாவுக்கு."

வண்டி நகர்ந்து துண்டு நழுவி விழும்வரை நான் கையை இழுக்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து அந்த ரோட்டுக்கே ஜூனியர் இன்ஜினீயராக வந்தேன். முதல் நாள் ஜீப்பு கடைத்தெருவில் நின்றதும் துண்டுத் தரகன் ஓடி வந்து முன் சீட்டை எட்டிப் பார்த்தான். அப்பா என் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சாய்வதற்குக் கூச்சப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் தோட்டத்து ஆள் லோடு. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நான் அவனுக்குக் கை நீட்டினேன். பிடித்து ஏறிக்கொண்டான். போடிமெட்டு வரைக்கும் அந்தக் கையை இரண்டு பேருமே இழுத்துக்கொள்ளவில்லை.