வாழைமரத்தோடு தொண்ணூற்று நாலு

நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிற ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நானே அப்படி ஓர் ஆளாக ஐந்து வாரம் இருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியில்லை.

கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்ததில் ஆரம்பித்தது. செப்டம்பர் நாலாம் தேதி காலை ஆறேகாலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் போகிற சாலையில் என் கார் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர் வேகத்தில் போனதாம். அபராதம் கட்டு, மறுப்பதென்றால் கோர்ட்டுக்கு வா. ராஜபாளையத்தில் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து மணியடித்து என்னை ஒதுங்கச் சொல்வார்கள். (ஒருத்தர் திட்டவும் செய்தார்.) என்னைப் போய் தொண்ணூற்று நாலு என்றால்?

வேறு சமயமாக இருந்தால் கட்டித் தொலைத்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் மகள் நிவேதாவுக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கொடுத்து, நாற்பதைத் தாண்டினால் சாவி என் கைக்கு வந்துவிடும் என்று சட்டம் போட்டிருந்தேன். அவள் படிப்பது கிருஷ்ணன்கோவில் கல்லூரியில். கல்லூரி பஸ் வேண்டாமாம். அத்தனை லாரிகளுக்கு நடுவில் தினமும் அவள் போய் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை முதலில் படித்தவளும் அவள்தான்.

"எம்புட்டுப்பா? தொண்ணூத்தி நாலா?" என்றாள். அவள் சிரித்த சிரிப்பிலேயே என் சட்டம் பாதி செத்துவிட்டது. நான் அபராதம் கட்டினால் மீதியும் போய்விடும். கோர்ட்டுக்குப் போவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

என் மச்சினன் போலீசில் ஏட்டு. அவன் தன்மையாகத்தான் சொன்னான்.

"பேசாம கட்டிட்டுப் போங்க அத்தான். கோர்ட்டுன்னா ஒரு நாள் லீவு போயிரும்."

"பத்து நாள் போகட்டும்ல. தப்பு செய்யாதவன் எதுக்குக் கட்டணும்?"

"போட்டோ போட்டிருப்பாகளே, பாத்தீகளா?"

"அன்னைக்கு நான் போகாத ரோட்டுல எடுத்த போட்டோவ நான் ஏன் பாக்கணும்?" (இதைச் சொல்லும்போது எழுந்து நின்றேன் என்று ஞாபகம்.)

ஆதாரம் இல்லாமலா பேசினேன்? ஆபீஸ் டைரியைப் புரட்டினால் செப்டம்பர் நாலில் ஒரு எழுத்துகூட இல்லை. எங்கும் போகவில்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்? வக்கீல் வைக்கவில்லை. மூன்று பக்கத்துக்கு மனு எழுதி, கண்ணாடி முன்னால் நின்று நானே வாதாடிப் பழகினேன். நேர்மையானவன் எப்படி ஜெயிக்கிறான் என்று பார்த்துக்கொள்ளட்டும் என, விசாரணை நாளன்று நிவேதாவையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவையிலேயே நான் கூண்டருகில் நின்றிருந்தேன். மாஜிஸ்திரேட் பொறுமையான அம்மா. என் வேகக் கொள்கை, டைரி, சைக்கிள்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "நீங்க போட்டோவப் பாத்தீங்களா?" என்றார்.

"தேவைப்படலைங்கம்மா."

"இப்பப் பாருங்க" என்று கோப்பைத் திருப்பினார்.

என் கார்தான். கூரைமேல் குலையோடு இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. இலையெல்லாம் காற்றில் பின்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே என் ஒரு கை வாழைமரத்தைப் பிடித்திருந்தது. உள்ளே நான், வாயை ஆவென்று திறந்து யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் வரை தெளிவாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நிவேதா கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அப்பா, அத்தை வீட்டுப் பால்காய்ச்சு!"

கிருஷ்ணன்கோவிலில் என் தங்கை கட்டிய புது வீடு. மனைவியும் மகளும் முந்தின நாளே போய்விட்டார்கள். வாசலில் கட்ட வாழைமரம் கொண்டுவருவது அண்ணன் பொறுப்பு. அதைக் கட்டாமல் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று நின்ற தங்கை, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் போட்டு, "நல்ல நேரம் முடியப்போவுதுண்ணே, எங்க இருக்கீக?" என்று உயிரை எடுத்தாள். ஸ்பீக்கரில் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஸ்பீடு முள்ளைப் பார்க்க எனக்கு ஏது நேரம்?

அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் என்னைப் பொறுத்தவரை அது நடந்தது ஆவணி பத்தொன்பதில்! எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குத் தமிழ்த் தேதி, ஆபீசுக்கு இங்கிலீஷ் தேதி. தினசரி காலண்டரில் இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. என் மண்டையில்தான் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

அப்போதும் நான் விடவில்லை. "விசேஷத்துக்குப் போனதுங்கம்மா" என்றேன்.

"விசேஷத்துக்கு உயிரோட போய்ச் சேர வேண்டாமா?" என்றார். டவாலி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரில் ஏறியதும் கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க. நான் நாப்பதுலயே போறேன். ஆனா இனிமே நீங்க வண்டி ஓட்டயில போன் எங்கிட்டதான் இருக்கும். ஒத்தக் கையில ஓட்டிருக்கீகளேப்பா, ஏதாச்சும் ஆயிருந்தா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. போனை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ராஜபாளையம் வந்து சேரும்வரை அந்தப் போன் ஒன்பது தடவை அடித்தது. எல்லாம் என் தங்கைதான், தீர்ப்பு கேட்க.

தீர்ப்போடு போட்டோவையும் வாங்கிக்கொண்டுதான் அவள் விட்டாள். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பால்காய்ச்சு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "அட, யாரு எடுத்தது?" என்று கேட்காமல் போவதில்லை.

தங்கை முகம் மாறாமல் சொல்வாள்: "கவர்மெண்டு எடுத்தது. எங்கண்ணன் ஒரு விசேஷத்துக்காவது நேரத்துக்கு வந்தாருங்கிறதுக்கு கோர்ட்டே சாட்சி."