வேலை பார்த்தவன் முதலில் ஏறணும்

“வேலை பார்த்தவன்தான் முதல்ல படகுல ஏறணும். அது ஆர்மி ரூல்” என்றார் சுபேதார் உக்கிரபாண்டி.

மெக்கானிக் பெனினின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவன் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

ராஜபாளையத்தில் சிலிண்டர் ஹெட் வேலைக்குப் பட்டறை வைத்திருக்கிறவன் பெனின். லாரியோ டிராக்டரோ, எந்த எஞ்சினின் தலையையும் கழற்றிச் சரிபண்ணி மாட்டிவிடுவான். ஜெட் படகு மட்டும் அதுவரை வந்ததில்லை. வந்த அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இத்தனை பட்டறை இருக்க, தன்னைத் தேடியல்லவா வந்திருக்கிறார்!

சுபேதார் சுந்தரபாண்டியம் ஊர்க்காரர். “பிரம்மபுத்திராவுலயே படகு ஓட்டுனவனாக்கும்” என்று போகிற இடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சை நம்பி, கொச்சியிலிருக்கும் மருமகன் ஒரு பழைய ஜெட் படகை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். பொங்கல் லீவுக்குக் கண்மாயில் ஆட்களை ஏற்றி ஓட்டுவதாக ஏற்பாடு. அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சியடித்துப் பாய்கிற படகு அது. எஞ்சினில் தம் இருந்தால் பாயும். இந்த எஞ்சினில் இருந்தது இருமல்தான்.

“ஹெட்டப் பாத்து இழுவையக் கூட்டிக் குடு தம்பி. பொறவு நீயும் நானும் ஒரு ரவுண்டு போவோம்” என்று பெனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார் சுபேதார்.

பெனினுக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். செட்டியார்பட்டியில் பிறந்து ராஜபாளையத்தில் வளர்ந்தவன். கடலை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான், அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்கு மச்சான் கூப்பிட்டபோது, தெளிக்கிற சபையே தனக்குப் போதும் என்று இருந்துவிட்டவன்.

“நீச்சல் தெரியாதுன்னு சொல்லிர வேண்டியதுதானே?” என்றாள் மனைவி எலினா.

“என்னட்டி பேசுத? ஹெட்டு வேலைன்னா பெனின்தான்னு தேடி வந்திருக்காரு. தண்ணின்னா பயம்னு சொன்னா ஊரே சிரிக்கும்.”

“செத்துப் போனா சிரிக்காதாக்கும்?”

பெனின் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். வேலையைக் கொஞ்சம் கெடுத்து வைப்பது. படகு நகராவிட்டால் யாரும் ஏற வேண்டியதில்லையே! கர்த்தரே, இந்த ஒரு தடவை மட்டும் மன்னியும்.

மறுநாள் ஹெட்டுக்கு அடியில் ஒரு கேஸ்கெட் தகடு போட வேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டு முடுக்கினான். அமுக்கம் குறையும், எஞ்சின் படுத்துவிடும் என்பது கணக்கு. சுபேதார் முன்னால் குழாய்த் தண்ணீரைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் இருமவில்லை. பட்டுப்போல ஓடியது. முன்பு யாரோ ஒரு மகராசன் ஹெட்டை அளவுக்கு மேல் சீவித் தள்ளி, அமுக்கத்தைக் கூட்டி வைத்திருக்கிறான். அந்தக் கோளாறைப் பெனினின் இரட்டைக் கேஸ்கெட் சரிபண்ணிவிட்டது.

“இம்புட்டு சீக்கிரமாவா?” என்றார் சுபேதார். அவர் முகம் வாடிக் கிடந்தது. வேலையில் சந்தேகப்படுகிறார் போலும் என்று பெனினுக்கு உற்சாகம் வந்தது.

“வால்வு சரியா உக்காரலங்கய்யா. மறுபடி கழத்தணும்.”

“கழத்து, கழத்து. அவசரமே இல்ல!”

கழற்றினான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மாரீஸ்வரியைக் கூப்பிட்டான். அவளுக்கு இன்னும் வேலை பிடிபடவில்லை. கெடுப்பதற்கு இதைவிடத் தோதான ஆள் ஏது?

“காத்து போற ஓட்டையில எல்லாம் கரி அடைச்சிருக்கு. மேலாக்கத் துடைச்சுப் போடு, போதும்.”

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தவனுக்கு ஏப்பம் பாதியில் நின்றது. ஹெட்டின் ஓட்டைகள் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னின. எமரித் தாளை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்துத் தள்ளியிருந்தாள்.

“ஏட்டி, மேலாக்கத்தானே சொன்னேன்!”

“எங்கம்மா பால் சட்டியக்கூட மேலாக்கக் கழுவ விட்டதில்லண்ணே.”

மாட்டி ஓட்டினால், எஞ்சின் தாராளமாகக் காற்றை இழுத்துக்கொண்டு உறுமியது. பட்டறைத் தகரம் அதிர்ந்தது. தொழிலில் இவ்வளவு நல்ல வேலை பெனின் பார்த்ததே இல்லை. அழுகை வந்தது.

கடைசி அஸ்திரமாக, “தண்ணி பம்புல ஒழுகாமத் தடுக்குற சீலு ஒண்ணு போயிருச்சுங்கய்யா. கொச்சியிலதான் கிடைக்கும். ஒரு மாசமாவது ஆகும்” என்றான்.

“ஆகட்டும் தம்பி, ஒரு மாசமென்ன, ரெண்டு மாசம்கூட ஆகட்டும்!” என்று சுபேதார் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பெரிய மனுசன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆனால் அன்று கூடவே அவர் மனைவி சுந்தரம்மாளும் வந்திருந்தாள். “எதுக்கு ஒரு மாசம்? மருமகன்ட்டச் சொன்னா நாளைக்கே பஸ்ல போட்டு விட்டுருவாரு” என்று அங்கேயே போனைப் போட்டாள். சீல் மறுநாள் வந்துவிட்டது. கொண்டுவந்த சுபேதார் அதைக் கொடுக்காமலே திரும்பிப் போகப் பார்த்தார். வயசாகிறதல்லவா என்று பெனின் பரிதாபப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய் நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுந்தரபாண்டியமே கரையில் நின்றது. சர்ச்சுக்குப் போகாமல் எலினாவும் வந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

படகில் லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. சுபேதார் அதைச் சட்டென்று எடுத்துத் தான் மாட்டிக்கொண்டார்.

“ஐயா, எனக்கு?”

“உனக்கெல்லாம் எதுக்குய்யா?” என்று சிரித்தார்.

பெனின் வெந்துபோனான். மெக்கானிக் உயிர் என்றால் அவ்வளவு இளக்காரமா? ஏறி உட்கார்ந்தான். தப்பி ஓடிவிடக் கூடாது என்பதுபோல சுபேதார் அவன் தோளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுகையால் விசையைத் தள்ளினார்.

படகு பாய்ந்தது. பாய்ந்தது என்றா சொன்னேன்? அது பறந்தது! இரட்டைக் கேஸ்கெட்டும் பால் சட்டித் தேய்ப்பும் சேர்ந்து தங்கள் வேலையைக் காட்டின. கரையில் விசில் பறந்தது.

“ஐயா, குறைங்க! குறைங்கய்யா!” என்று கத்தினான் பெனின்.

சுபேதார் குறைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். விசையைப் பிடித்த கை விறைத்துப்போயிருந்தது. எதிரே கருவேலம் புதர் வந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பெனின் எட்டிச் சாவியைத் திருகி அணைத்தான். பீய்ச்சுகிற தண்ணீர் நின்றதும் படகு யார் சொல்லையும் கேட்காமல் வழுக்கிக்கொண்டு போய், புதருக்குச் சற்று முன்னால் கரைச் சேற்றில் சொதக்கென்று ஏறி நின்றது.

இருவரும் சேற்றில் உருண்டு விழுந்தார்கள். பெனின் தரையைத் தொட்டுப் பார்த்தான். தரைதான். உயிர் இருக்கிறது! சேற்றை அள்ளி முகத்தில் பூசிக்கொள்ளலாம் போல அவ்வளவு ஆசையாக இருந்தது. இனி எவன் சிரித்தால் என்ன?

“ஐயா, சத்தியமாச் சொல்லுதேன். எனக்கு நீச்சலே தெரியாது. கிணத்துலகூட நான் இறங்குனதில்ல!”

சுபேதார் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துபோனது. “தெரியாதா? உனக்கா?” என்று கேட்டபடி மறுபடியும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று பெனினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தார். காரணம் புரியாமலே பெனினும் சிரித்தான். உயிரோடு இருக்கிறவர்கள் சிரிக்கக் காரணம் எதற்கு?

கரையோரமாக மூச்சிரைக்க ஓடிவந்த சுந்தரம்மாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நல்ல சோடிதான் போங்க! இவிய சர்வீசு பூரா ராஜஸ்தான் மணலுக்குள்ள லாரி ஓட்டுனவிய, தம்பி, நீச்சலும் தெரியாது; பெனின்னு பேரு இருக்கு, கடக்கரைக்காரனாத்தான் இருப்பான், முங்குனா முடியப் புடிச்சுத் தூக்கிருவான்னுதான் அம்புட்டுப் பட்டறையவும் விட்டுட்டு உங்களத் தேடி வந்தாவ!”