'உங்கள் பிள்ளை' என்றால் யார் பிள்ளை?

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி நால்வரும் உடம்புக்கு நலம். உடம்புக்கு என்று தனியாக எழுதக் காரணம் உண்டு, கீழே வருகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில், "எல்லாம் உங்க வளர்ப்பு" என்று ஒரு வார்த்தை விட்டீர்கள். கூடவே, இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து பேத்தியை அழைத்துப் போய், ஒரு வருடம் உங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன். வர வேண்டாம்.

பேத்திக்கு ஆறு வயது. எதை எழுதினாலும் "சரியா? சரிதானே?" என்று கேட்கிறாள். சரி என்றாலும் நம்பாமல் ரப்பரை எடுத்துத் தேய்க்கிறாள், தாள் ஓட்டையாகும்வரை தேய்க்கிறாள், ஓட்டையானதும் நோட்டைத் தூக்கி எறிகிறாள், போன மாதம் ஒரு கழித்தல் கணக்கு தப்பாகிப் போய் வகுப்பு அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வம்சத்தில் எழுதியதை அழித்தவர் ஒருவரும் கிடையாது. ஆகவே இது எங்கள் பக்கத்துச் சரக்கு அல்ல.

அதன்பின் பள்ளியிலிருந்து அவள் பையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. மறுநாள் காலைக்குள் பெற்றோர் நிரப்பித் தர வேண்டுமாம். அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் பெற்றவன்தானே? உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியும் 'உங்கள் பிள்ளை' என்றே ஆரம்பித்தது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, உங்கள் மருமகன். பேத்தியைக் கேட்பதாக இருந்தால் பேத்தி என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? மேலே அவள் பெயர் இருந்தது உண்மை, தபாலில் விலாசம் இருப்பதுபோல என்று நினைத்தேன். வயது 6 என்று தப்பாக அச்சாகியிருந்தது, முன்னால் ஒரு 3 போட்டுத் திருத்தினேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன், மீதியைத் தண்ணீர் மோட்டார்கள் கற்றுக்கொடுத்தன. ஆனால் கேள்வி கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். பிள்ளை நன்றாகத் தூங்குகிறதா? இல்லை. நண்பர்களோடு விளையாடுகிறதா? முன்பு பூப்பந்து ஆடும், இப்போது மட்டை பீரோ மேல் கிடக்கிறது, இரண்டு வருடம். தப்புச் செய்தால் என்ன செய்யும்? தப்பே செய்யாமல் மேலதிகாரியிடம் போனில் மன்னிப்புக் கேட்கும், நின்றுகொண்டே கேட்கும். கதவைப் பூட்டிவிட்டு நான்கு தடவை இழுத்துப் பார்க்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் இருக்கும், தலை நனையாமல் வெளியே வரும். படுக்கையை நனைக்கிறதா? ஒன்பது வயதோடு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் மனத்தைப் பார்க்கிற ஆலோசகராம், உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அறையில் இருந்தது முழுக்க முழங்கால் உயர நாற்காலி. அதில் நான், என் மகன், உங்கள் மகள் மூவரும் வரிசையாக, தண்டனை வாங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் நான் எழுதியதை முதலிலிருந்து சத்தமாக வாசித்தாள். பூப்பந்து வந்ததும் என் மகன் தலையைத் தூக்கினான். குழாய் வந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நான் தண்ணிய சும்மா ஓடவிட்டுட்டு உக்காந்திருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"மோட்டார் மெக்கானிக்கிட்ட கேக்கிற கேள்வியாடா இது? தண்ணி ஆள் மேல விழுற சத்தம் வேற, தரையில விழுற சத்தம் வேற."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்தான், துடைக்கத் துடைக்க அது நிற்கவில்லை. உங்கள் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன்.

அந்த அம்மாள் பேத்திக்கு மருந்து எழுதுவாள் என்று பார்த்தால், வாரம் ஒரு தடவை வரச்சொல்லி என் மகன் பெயருக்குச் சீட்டு எழுதினாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அப்பனுக்கு ஊசியா என்று கேட்டேன். அவள் என் தொழிலை விசாரித்துவிட்டு, "குழாயில கலங்கலா வந்தா எங்க பாப்பீங்க ஐயா?" என்றாள். தொட்டியில் என்றேன். "தொட்டிக்கு எங்கேருந்து வருது?" கிணற்றிலிருந்து என்றேன். "அவ்வளவுதான் ஐயா" என்று பேனாவை மூடிவிட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.

மூடிய பேனாவைத் திறந்து, கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி என்றாள். உங்கள் பிள்ளையைக் கடைசியாக எப்போது பாராட்டினீர்கள்? அதற்கு நான் 'அவசியம் ஏற்படவில்லை' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் அவள் சத்தமாக வாசிக்கவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தாள். என் மகனும் எட்டிப் பார்த்தான். "விடுங்கம்மா, அவர் அப்படித்தான்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சம்பந்தி, நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஓடுகிற மோட்டாரைப் பார்த்து, நன்றாக ஓடுகிறாய் என்று யாராவது சொல்வார்களா? நின்றுபோனால்தானே பக்கத்தில் போவோம்? இப்படித்தான் என் அப்பா இருந்தார், இப்படித்தான் நானும் இருந்தேன், எனக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆகவே என் வளர்ப்பில் பிழையில்லை, அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று அவன் மட்டையைப் பீரோவிலிருந்து இறக்கித் தூசி தட்டினான். பேத்தி "எப்படி அடிக்கணும், இப்படிச் சரியா?" என்று கேட்க, அவன் "தெரியல, அடிச்சுப் பாப்போம்" என்றான். இறகுப்பந்து மின்விளக்கில் போய்ச் சிக்கியது. அவள் அழவில்லை. இந்த நேரத்தில் அவளைப் பிரித்துக்கொண்டு போனால் அவனுக்குத் தாங்காது. ஆகையால் மறுபடியும் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த கோபத்தோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எந்தத் தவறும் செய்யாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இரண்டாம் தாளின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், எலி கடித்தது அல்ல. என் மகனைப் பற்றி ஒரு நல்ல வரி எழுதலாம் என்று பென்சிலால் எழுதினேன், சரியாக வரவில்லை, அழித்தேன், மறுபடி எழுதினேன், அதுவும் சரியாக வரவில்லை. பக்கத்தில் நின்ற பேத்தி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்குமா?" என்றாள். பிறகு தன் ரப்பரை என்னிடமே கொடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டாள். உங்களை வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அது சரியா? சரிதானே? ஒரு வரி எழுதிப் போடுங்கள்.